அருள்முருகன் வைத்த மீன் குழம்பு

என்னாங்க,

உப்பளத்துல அக்கா வூட்டுக்குப் போறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன். இன்னிக்கு நான் சமைக்கல.

ஆறு மணிக்குக் கனடாவுலேருந்து கார்குழலி மேடம் வீடியோவுல வருவாங்க. உங்கள மாதிரி அங்க வேலைக்குப் போறவங்க எப்படிப் பேசணும், எப்படி இருக்கணும்னு பொறுமையா சொல்லித் தர்ற அந்த மனுஷிகிட்ட போன வாரம் என்னா சொன்னீங்க? "சமையல்லாம் நானேதான் மேடம்"னு, நான் வெச்ச மீன் குழம்ப கேமராவுல காட்டினீங்க. பின்னாடி நின்ன நான் சிரிச்சது அவங்களுக்குக் கேட்டுப்போச்சி. "அப்ப அடுத்த வாரம் என் கண்ணெதிர வெச்சிக் காட்டுங்க"ன்னுட்டாங்க. அதுக்கு என்கிட்ட மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டா எப்படி? இன்னிக்குதான் அந்த அடுத்த வாரம்.

சங்கரா மீன் ஆஞ்சி ஃப்ரிட்ஜுல இருக்கு. புளி ஊறுது. மொளகாத்தூள் எங்கன்னு எனக்குப் போன் பண்ணாதீங்க, மேடம் பாத்துக்கிட்டிருப்பாங்க.

அமுதவல்லி

மீன கடைசியில போடுங்க. போட்டப்புறம் கரண்டி விட்டுக் கிண்டாதீங்க, ஒடஞ்சிடும்.

மொளகாத்தூள் உப்பு டப்பாவுக்குப் பின்னாடி.

குழம்பு நல்லா வரலன்னா விடுங்க, நான் சாப்பிடறேன். நல்லா வர்ற வரைக்கும் டிக்கெட் மட்டும் போடாதீங்க.