கடைசி மின்முனை

நிலவுக் குடியிருப்பு: மருத்துவர் பதிவு

மார்ச் 2, காலை 9.00
நோயாளி: யாழ்மொழி, வயது நான்கு. பிறவியிலேயே காது கேளாதவள். பெயர் வைத்த பிறகே காதைச் சோதித்திருக்கிறார்கள். உட்காதின் நத்தைச் சுருளுக்குள் மின்முனைகளைச் செருகினேன். வெற்றி. நிலவில் இத்தகைய அறுவை இதுவே முதல். அறிவியலுக்கும் எனக்கும் பெருமை, வரிசை அதுவல்ல.

மார்ச் 30, காலை 10.15
கருவியை இயக்கினேன். திடுக்கிட்டாள், பிறகு சிரித்தாள். தாய் அஞ்சுகம் அழுதார். இனிக் கைஜாடை கூடாது என்று சொல்லிவிட்டேன். கை பேசினால் வாய் சோம்பும் என்பது என் கொள்கை. கைகளைப் பின்னால் கட்டினால் மிட்டாய். பயிற்சியின்போது தாய்க்கு அனுமதியில்லை.

தலைமையகம்: "டாக்டர் சார், வெள்ளிக்கிழமை அமைச்சர் நேரலையில வர்றாரு. பாப்பா ஒரு வரி பேசணும். அழக் கூடாது. அழுதா நம்ம ரெண்டு பேருக்கும் சங்குதான்."

ஏப்ரல் 1, மாலை 4.00
நடைபாதையில் பயிற்சி. காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏதோ ஒரு சுவரைக் காட்டினாள். கைஜாடை, கையை இறக்கிவிட்டேன். விழா நிரலைப் படித்துக்கொண்டிருந்ததால் எந்தச் சுவர் என்று குறிக்கவில்லை. மின்முனைகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். மிக உயர்ந்த சுருதிக்குரிய கடைசி மின்முனையை அணைத்ததும் அழுகை நின்றது. இங்கே வேறு குழந்தைகள் இல்லை; காற்றுப் பம்புகளின் இரைச்சலில் வாழும் பெரியவர்கள் எவருக்கும் அந்தச் சுருதி கேட்காது. ஆகவே சத்தம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 3, காலை 11.00
விழா. மேடைக்கு ஒலிவாங்கி இல்லை. காற்றுக் கசிவைச் சத்தத்தால் கண்டுபிடிக்கும் கருவியிலிருந்து கழற்றிக்கொண்டோம். வரவேற்புரையிலேயே எரிந்துபோயிற்று. வரவேற்புரை என்னுடையது. குழந்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒத்திகையில் சொன்னதுபோலவே சொன்னாள்: "நல்லாக் கேக்குதுங்க. ரொம்ப நன்றி."

தலைமையகம்: "அடேங்கப்பா! கிளி மாதிரி பேசுது சார்!"

ஏப்ரல் 9
காற்றழுத்தம் குறைகிறது. மானி பழையது.

ஏப்ரல் 10
மானியை மாற்றினோம். புதியதும் அதையேதான் சொல்கிறது. எங்கோ மயிரிழை விரிசல். சுவர்களெல்லாம் பலகைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. கழற்றி முடிக்க ஒரு மாதமாகும். காற்று ஒரு வாரம்கூட வராது. மீட்புக்கலம் இன்னும் பூமியைவிட்டே கிளம்பவில்லை.

அஞ்சுகம், இன்டர்காமில்: "டாக்டரய்யா, எம்புள்ள அன்னிக்கு அழுதாளாமே. எதக் கேட்டு அழுதா?"

ஏப்ரல் 1 பதிவைப் புரட்டிப் படித்தேன். இதைக் கண்டெடுப்பவருக்கு: சத்தம் இருந்தது. கேட்ட ஒரே ஆளை நான் கையைக் கட்டச் சொன்னேன்.

ஏப்ரல் 11, காலை 8.00
அதே நடைபாதையில் கடைசி மின்முனையை மீண்டும் இயக்கினேன். அவள் கண்கள் நிறைந்தன, ஆனாலும் சிரித்தாள். அஞ்சுகம் மண்டியிட்டுக் கைஜாடையில் கேட்டார்: எங்கே? குழந்தை தாயின் கைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையை எடுக்கச் சொல்லி மிட்டாயை நீட்டினேன். இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பயிற்சி பலித்துவிட்டது.

ஏப்ரல் 13
தலை சுற்றுகிறது. என் முகம் அவள் கண்ணில் படக் கூடாதென்று அஞ்சுகம் என்னை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சரியான சிகிச்சை. நடைபாதையில் நடப்பது இன்டர்காம் வழியே கேட்கிறது.

"கையக் காட்டுடி கண்ணு. அந்த மாமா இல்லடி. எந்தப் பக்கம்னு காட்டு."

"நல்லாக் கேக்குதுங்க. ரொம்ப நன்றி."

காலடிகள். அடுத்த சுவர்.

"இங்கயாடி? அம்மா திட்ட மாட்டேன். கைய எடுடி தங்கம்."

"நல்லாக் கேக்குதுங்க."

அடுத்த சுவர்.

"நல்லாக் கேக்கு