கிருமியின் சாதகம்

கொட்டாஞ்சேனை,
04.03.2007

அன்புத் தம்பி கிளெமென்றுக்கு,

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். பங்குச் சுவாமியிடம் சொல்ல வெட்கம், அதனால் உன்னிடம். போன கிழமை சந்தையில் அரைக் கிலோ தக்காளி வாங்கிவந்து, மொட்டை மாடியில் நிற்கிற செத்த தக்காளிச் செடிகளில் வெள்ளை நூலால் கட்டிவிட்டேன்.

காரணம் நீதான். "என் தம்பி ஒல்லாந்தில் தக்காளிக்கு டொக்டர்" என்று இந்த லேன் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். பெயின்ற் வாளிகளில் நட்ட ஏழு செடியும் ஒரு கிழமைக்குள் விழுந்தன. இலை மஞ்சளாகவில்லை, புழு இல்லை. பச்சையாகவே தலையைத் தொங்கப்போட்டன. பக்கத்து வீட்டு மாக்ரெட் உடுப்புக் காயப்போட மாடிக்கு வருவாள். அவள் வாய்க்குப் பயந்துதான் நூல்.

வந்தாள். பார்த்தாள்.

"மெற்றில்டா, செடி வாடிக் கிடக்கு, பழம் மட்டும் மினுங்குதே?"

"அதுதான் ஒல்லாந்து ஸ்டைல்" என்றேன்.

ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தாள். நூலோடு வந்தது.

உன் அத்தானுக்குத்தான் பெருங்கவலை. துறைமுகப் பக்கத்துக் கொண்டெய்னர் யாட்டில் வேலை முடித்து வந்தால் என் முகத்தைப் பார்க்க முதல் செடியைத்தான் பார்ப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. "நான்தான் தண்ணியைக் கூடுதலா ஊத்திச் சாகடிச்சுப்போட்டன்" என்று சொல்லிச் சோறும் சரியாகத் தின்பதில்லை. இது என்ன வருத்தம், என்ன நோய் என்று எழுது. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கும் விளங்குகிற மாதிரி எழுது, துரை.

அன்பு அக்கா,
மெற்றில்டா


ஒல்லாந்து,
19.03.2007

அன்புள்ள அக்கா,

நூல் கதையை ஆய்வுகூடத்தில் சொன்னேன். பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஹியூபேட் அத்தான் கொல்லவில்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். இது பற்றீரியா வாடல். எட்டு வருடமாக நான் படிக்கிற அதே கிருமி. மண்ணிலிருந்து வேர்க் காயத்தின் வழியே உள்ளே போய், தண்டில் நீர் ஏறுகிற குழாய்களில் பெருகி, பசை போல ஒன்றைச் சுரந்து அடைத்துவிடும். காலடியில் தண்ணீர் நிற்கும்போதே செடி தாகத்தில் சாகும். அதனால்தான் பச்சையாகவே விழுகிறது.

ஒரு செடியிலாவது உயிர் மிச்சம் இருந்தால் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீரில் வெட்டு முனை தொடும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல இறங்கினால் அதேதான். வாளி மண்ணை எறிந்துவிடுங்கள். அதற்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும்.

இத்துடன் ஒரு படம். அந்தக் கிருமியின் மரபணுக்கள் முழுவதும் இரண்டு வளையங்களில் இருக்கின்றன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. செடிக்குக் கேடு செய்கிற மரபணுக்கள் இருக்கும் இடங்களை உங்களுக்காகச் சிவப்புப் பேனாவால் குறித்திருக்கிறேன். சில குறிகள் ஒரு ஊசியைச் செய்கிற மரபணுக்கள். செடியின் கலத்துக்குள் அந்த ஊசியால்தான் தன் புரதங்களை ஏற்றும். அவற்றில் ஆறு நான் கண்டுபிடித்தவை. இங்கே இதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு ஆளில்லை.

அன்புடன்,
கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
22.04.2007

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான் மூன்று தரம் வாசித்தார். அவர் கொல்லவில்லை என்று எழுதிய வரியை மட்டும் ஏழு தரம்.

செத்தது என்று நினைத்த ஒரு செடியின் அடித்தண்டில் கொஞ்சம் பச்சை இருந்தது. வெட்டி, விருந்தாளிக்கு எடுக்கிற கிளாசில் தொங்கவிட்டோம். எனக்கு நம்பிக்கை இல்லை. பார்த்துக்கொண்டு நிற்க, வெள்ளையாக ஒரு நூல், மெழுகுதிரிப் புகை தலைகீழாகப் போகிற மாதிரி, இறங்கிக்கொண்டே இருந்தது. நான் வாயை மூடிவிட்டேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். உன் அத்தான் கதிரையை இழுத்து அதற்கு முன்னால் இருந்துவிட்டார்.

"பாரடி, இவ்வளவு சனம் உள்ளுக்கு இருந்திருக்கு. நாங்கள் வெளியில நிண்டு தண்ணி ஊத்தியிருக்கிறம்" என்றார்.

உன் வட்டப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு. நாங்கள் சாதகம் பார்த்தால் சுவாமி ஏசுவார், நீ கிருமிக்கே சாதகம் எழுதி அனுப்பியிருக்கிறாய். கட்டம் போடாமல் வட்டம் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். சிவப்புக் கோடெல்லாம் செவ்வாய் தோசமாக்கும். உன் அத்தானுக்கு இந்தப் பகிடி பிடித்துப்போனது. படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாட்டில் எல்லோருக்கும் விரித்துக் காட்டுகிறார். "மச்சான் அனுப்பினது, கிருமியின்ர சாதகம்." கூட வேலை செய்கிற பௌஸி நானா, "அப்ப கிருமிக்கு எப்ப கலியாணம்?" என்று கேட்டாராம்.

பெருமைப்பட ஆளில்லை என்று இனி எழுதாதே. யாட் முழுக்க உனக்கு ஆள் இருக்கிறது.

அன்பு அக்கா,
மெற்றில்டா


கொட்டாஞ்சேனை,
17.05.2007

தம்பி,

ஃபோனில் இதைக் கதைக்கப் பயம். அதனால் எழுதுகிறேன்.

எட்டாம் திகதி யாட்டுக்குப் போகிற வழியில் ஆமிக்காரரின் செக்கிங். உன் அத்தானின் சட்டைப் பையில் அந்தப் படம். கூட நின்ற பௌஸி நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரிய வளையம் துறைமுகமா, சின்ன வளையம் அலை தடுக்கிற கல்லணையா, சிவப்புக் குறி எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். உன் அத்தான் சிரித்துக்கொண்டே சிங்களத்தில், "மாத்தயா, அது கிருமியின் சாதகம்" என்றிருக்கிறார். எங்களுக்கே பகிடியா என்று ஒரு அறை. பிறகு ஜீப்பில் ஏற்றியவர்கள்தான். ஆள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

அந்தப் பகிடி என்னுடையது, தம்பி. அவருக்குச் சொந்தமாக ஒரு பகிடி விடத் தெரியாது. இருபத்தாறு வருடமாக என் பகிடியைத்தான் வெளியில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரு கடிதம் வேண்டும். இங்கிலீசில், உன் பேராசிரியரின் கையெழுத்தும் சீலும் வைத்து. இது தக்காளிக்கு வருகிற வருத்தம். ஆபத்தில்லாத சின்னக் கிருமி. படம் அதனுடைய படம். மூன்றே வரி. லோயர் முத்துலிங்கம் ஐயா அதைக் கொண்டுபோய்க் குடுத்து ஆளை வெளியில் எடுக்கலாம் என்கிறார். நீட்டாதே. நீ பெரிய ஆள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா


ஒல்லாந்து,
30.05.2007

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் நித்திரை கொள்ளவில்லை. பேராசிரியரின் கடிதத்தை இத்துடன் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். மனிதருக்கு இந்தக் கிருமி ஒன்றும் செய்யாது என்பது முதல் பந்தியிலேயே இருக்கிறது.

"ஆபத்தில்லாத" என்ற சொல்லை மட்டும் எழுத மறுத்துவிட்டார். உலகத்தில் பயிரை மிக மோசமாக அழிக்கிற கிருமிகளில் இது ஒன்று. இதில் ஒரு வகை, பயங்கரவாதிகளின் கையில் போய்விடக்கூடாது என்று அமெரிக்காவில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதையும் எழுதி, படத்தில் உள்ளது அந்த வகை அல்ல என்றும் எழுதியிருக்கிறார். முழு உண்மையையும் சொன்னால்தான் மிச்சத்தை நம்புவார்கள் என்பது அவர் எண்ணம். நானும் யோசித்துப் பார்த்தேன். அது சரியென்றுதான் பட்டது. இல்லாத ஒன்றை எழுதி எனக்குப் பழக்கமில்லை, அக்கா. அவர் பெயருக்குக் கீழே நானும் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

அத்தான் வந்தவுடன் ஒரு வரி எழுதுங்கள்.

கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
02.07.2007

தம்பி கிளெமென்றுக்கு,

முத்துலிங்கம் ஐயாவும் நானும் ஆளை வைத்திருந்த இடத்துக்கே கடிதத்தைக் கொண்டுபோனோம். அங்கே பெரியவர் ஒருவர். நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார், எனக்கு இருக்கக் கதிரை தந்தார். கண்ணாடி போட்டு வாசித்தார். முதல் பந்திக்குத் தலையை ஆட்டினார். இரண்டாம் பந்தியில் நின்றார். பென்சிலால் ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கடிதத்தை மடித்து ஒரு கோப்புக்குள் வைத்துவிட்டார். அந்த வகை அல்ல என்ற வரிக்கு அவர் வரவேயில்லை.

வெளியே வந்து ஐயா சொன்னார், "தங்கச்சி, நாங்கள் இண்டைக்கு வெறுங்கையோட வந்திருந்தா ஆளை விட்டிருப்பினம் போல."

மறுநாள் போனால் ஆள் அங்கே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றியாயிற்றாம். எந்த இடம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

உன்னை ஏசவில்லை. பகிடியை நான் கொடுத்தேன், கடிதத்தை நீ கொடுத்தாய். ஆனால் தம்பி, செத்த செடியில் நூலால் தக்காளி கட்டினவள் நான். நீயும் என் கூடப்பிறந்தவன்தானே. ஒரு சொல். ஒரேயொரு சொல்லைக் கட்டியிருக்கலாம்.

அக்கா


கொட்டாஞ்சேனை,
16.12.2007

தம்பி கிளெமென்றுக்கு,

உன் ஐந்து கடிதமும் வந்தன. ஐந்தையும் யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். ஐந்திலும் மன்னிக்கச் சொல்லி ஒரே வரி. இவ்வளவு படித்தவன் கொஞ்சம் மாற்றி எழுதக்கூடாதா?

இனி எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. உன் உறை வருகிற நாளெல்லாம் பின்னால் இரண்டு பேர் வந்து, யார் அனுப்பினது, என்ன படிக்கிறான் என்று கேட்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். மாக்ரெட் மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். உன் கடிதங்களை அடுப்பில் வைத்தேன். கிளாசில் தண்டைத் தொங்கவிடச் சொன்னதை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். முந்தநாள் அதையும் வைத்தேன்.

மண்ணை எறியச் சொன்னாய். நான் எறியவில்லை. அவர் கையால் பிசைந்த மண். ஒக்டோபரில் ஒரு வாளியில் தக்காளி தானாக முளைத்து நின்றது. பூத்தது. போன ஞாயிறு பச்சையாகவே தலையைப் போட்டுவிட்டது. நான் வெட்டித் தண்ணீரில் விடவில்லை. எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே ஒரு தடுப்பு முகாமின் வாசலுக்குப் பார்சலும் கொண்டுபோவேன். உன் அத்தான் இருக்கலாம் என்று ஐயா விசாரித்துச் சொன்ன இடம். வாசலில் பெயரைக் கேட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அப்படி ஆளில்லை என்று பார்சலைத் திருப்பித் தருவார்கள். ஐந்து மாதமாக இதுதான். இந்தச் செவ்வாய் வாசலில் ஒரு புதுப் பெடியன் நின்றான். புத்தகத்தைத் திறக்கவில்லை. பார்சலைத் தடவிப் பார்த்து உள்ளே வைத்தான். "ஹரி அக்கே, யன்ன" என்று போகச் சொன்னான். பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் புத்தகத்தைப் பார்த்துவிடுவான்.

ஒரு சாரம், ஒரு சட்டை, ஒரு சவர்க்காரம், ஒரு சோடி செருப்பு. உன் அத்தானிடம் ஒரே மாதிரி இரண்டு சோடி உண்டு, பழையதும் புதியதும். கண்ணாடி போடாமல் பார்சல் கட்டினேன். வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது மிச்சச் செருப்பு இரண்டும் வந்தன. இரண்டும் இடக்கால்.

அக்கா,
மெற்றில்டா