டப்பாவைக் கழுவியிருக்கக் கூடாது, மதினி

என் செல்ல மதினி முத்துமாரிக்கு,

முதலில் ஒரு திருட்டை ஒத்துக்கொள்கிறேன். "ஏ மதினி, ஆட்டுக்கு அரைச்சத எனக்கு எதுக்குக் கொண்டாந்த?" என்று உன் மல்லித் துவையலைப் பட்டாசுக் கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி கேலி பண்ணுவேனே, அதே நான்தான் தினமும் காலையில் வேனில் உன் பையைத் திறந்து துவையலை விரலால் வழித்து நக்கினவள். ஆனைக்குட்டம் தாண்டுவதற்குள் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாய். மத்தியானம் டப்பாவைத் திறந்து, "எலி கிலி புகுந்துச்சா?" என்பாய். நானும் சேர்ந்து எலியைத் திட்டுவேன்.

நீ போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. உன் அறை வெடித்தபோது நான் நாலு அறை தள்ளி இருந்தேன். ஓடி வந்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. வேப்பமரத்தில் எல்லாருடைய சாப்பாட்டுப் பையும் தொங்கியது. உன்னுடையதும்தான். அதில் ஒரு கீறல் இல்லை, மதினி.

பையை நான்தான் கொண்டுவந்தேன். அடுத்த வீட்டு ஏனத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம்ம தெருவில் உண்டா? கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலவும் இருந்தது. டப்பாவைப் பளபளவென்று விளக்கினேன்.

உன் மகள் செல்வி வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"அத்தே, இதுல துவையல் இருந்துச்சா?"

"இருந்துச்சு தாயி."

"எம்புட்டு?"

"பாதி டப்பா."

"எங்க?"

"கழுவிட்டேன்."

அவள் அழக்கூட இல்லை. மூடியை அழுத்தி மூடினாள். அன்றிலிருந்து சரியான சாப்பாடு கிடையாது. கஞ்சி வைத்தால் ரெண்டு மடக்கு. கழுத்தெலும்பு தெரிகிறது, மதினி.

அதனால்தான் உன் துவையலை நானே அரைத்துப் பார்க்கிறேன். மல்லித்தழை, புதினா, ஊசி மிளகாய், உப்பு எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். புளி வைத்தேன். "இல்ல அத்தே." எலுமிச்சை பிழிந்தேன். "இல்ல." நேற்று மாங்காய் சீவிப் போட்டேன். ஒரு வாய் பிசைந்து தின்றாள். மென்றுகொண்டே தட்டை நகர்த்திவிட்டாள்.

"காரம் அம்மா காரந்தான் அத்தே. புளிப்பு வேற யாரோடதோ."

பதினெட்டு வருஷம் திருடித் தின்றேனே, அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேலி பண்ணவே என் வாய்க்கு நேரம் போதவில்லை. உன் வீட்டுக்கார அண்ணனைக் கேட்டால், "அவ வைப்பா, நான் திம்பேன். இம்புட்டுத்தான் தெரியும்" என்கிறார். தெரிந்த ஒரே ஆள் நீ. இனிமேல் யாரிடம் போய்க் கேட்பேன்? இந்தப் பிள்ளை இப்படியே உருகிப்போனால் உனக்கு என்ன பதில் சொல்வேன்?

கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். சீசன் ஆர்டர் நெருக்குகிறது. வேனில் உன் இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்று சொல்லிவிடுகிறேன். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நானும் வாயைத் திறப்பதில்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருக்கிறதாம்.

நான் விடமாட்டேன், மதினி. தயிர் இருக்கிறது, புளிச்சக்கீரை இருக்கிறது. செல்வி தட்டை வழித்துத் தின்கிற வரைக்கும் தினமும் அரைப்பேன். உன் மேல் சத்தியம்.

இன்றைக்கு நெல்லிக்காய் போட்டு அரைத்தேன். அவளுக்குக் கொண்டுபோகக் கிண்ணத்தில் வழித்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வருவதற்குள் என் மாமியார் அதை மருதாணி என்று நினைத்து, பத்து விரலுக்கும் தொப்பி வைத்து முடித்திருந்தார்கள். இன்னும் சிவக்கவில்லை என்கிறார்கள். எரிகிறதாம்.

ரத்தத்தில் இல்லாவிட்டாலும்,
வேனில் பக்கத்தில் உட்கார்ந்தே உனக்கு மதினியானவள்,
பேச்சியம்மாள்