கண்ணை மூடிக் கும்பிட்ட அன்று

அண்ணே, இன்று காலை கோயிலில் கற்பூரம் ஏற்றினார்கள். அந்த வாசனை வந்ததும் எனக்குச் சாமி நினைவு வரவில்லை. கல்தரையில் உன் நெற்றி மோதிய சத்தம்தான் கேட்டது.

நீண்ட காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாய். பிரிக்பீல்ட்ஸில் தண்டவாள வேலைக்குத் திரும்பியவுடனே, கட்டை சுமக்கையில் விழுந்தாய். தோளில் கட்டை இருக்கும்போது குனிந்து காலைப் பார்க்க முடியாதே. "காலையிலயே கள்ளா?" என்று மேஸ்திரி கேட்டார். கள்ளுக்கடைப் பக்கமே போகாத நீ, "கால் எங்க இருக்குன்னே தெரியலீங்க" என்றாய். உடன் சுமந்தவர்கள் சிரித்தார்கள். வேலை போயிற்று.

வீட்டுக்குள் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாய். குவளையைக்கூடக் கண் எடுக்காமல் பிடிப்பாய். நான் கூப்பிட்டு நீ திரும்பினால் அது நழுவிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை தீபாராதனையின்போது எல்லோரையும் போலக் கைகூப்பிக் கண்ணை மூடினாய். உடம்பு ஆடியது. நான் பிடிப்பதற்குள் சாய்ந்துவிட்டாய். ரத்தம் வழிய உன்னை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். "குடிச்சிட்டுக் கோயிலுக்கு வராதப்பா" என்றார் ஒருவர், தணிந்த குரலில். அந்தத் தணிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

காயத்துக்குக் கட்டுப் போட்ட யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் உன்னை நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். நீ சரிந்ததும் தாங்கிக்கொண்டார். "காலில பலம் இருக்கு தங்கச்சி. கால் எங்க நிக்குது எண்டு மூளைக்குச் சேதி போகேல்ல. கண் பாத்துச் சொல்றதாலதான் நடக்கிறார்" என்றார். நீ அழுதாய். நோய்க்காக அல்ல, ஒருவராவது நம்பினாரே என்று.

அதை அப்படியே மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "மூளைக்குச் சேதியா? நல்லா கதை கட்டுறீங்கம்மா" என்றார். மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி நீ போனபோது, அவரே மாலையோடு வந்தார். "நல்ல மனுசன். குடிதான் கொண்டுபோயிருச்சு" என்று வாசலில் நின்று சொன்னார். வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

உன் மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். போன வாரம் கிள்ளானிலிருந்து வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணோட அப்பா குடிச்சே செத்தாராமே?" என்று கேட்டார்கள். டிரஸ்ஸர் சொன்னதை முதலிலிருந்து விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு சேதியே இல்லை.

அடுத்து வருகிறவர்களும் கேட்பார்கள், அண்ணே. அவர்களிடமும் முதலிலிருந்து சொல்லுவேன்.