முன்சக்கர பிரேக் மாத்தியாச்சு

சுலோச்சனா,

முன்சக்கரம் ரெண்டுக்கும் பிரேக் பேடு நானே மாத்திட்டேன். கேரேஜ்காரனை நம்பினா பழசையே கழுவிப் போட்டுப் புதுசும்பான். கழட்டினது வாசப்படியில இருக்கு, எடுத்துப் பாரு, காகிதமாத் தேஞ்சிருக்கு.

பெடலை மிதிச்சுப் பார்த்தேன், கெட்டியா நிக்குது. என்னையும் நம்பாத. நீயும் நாலஞ்சு தடவை மிதிச்சுப் பார்த்துட்டுக் கிளம்பு.

விடியக்காலப் பனியில, ஜாக்கி மேல நின்ன சக்கரத்தைக் கையால சுத்திவிட்டேன். சத்தமே இல்லாம சுத்துச்சு. பார்த்துக்கிட்டே உக்காந்துட்டேன். நீ காவேரிப் பாலத்துல ஓட்டிக்கிட்டுப் போற மாதிரியும், நான் பக்கத்துல வாயைத் திறக்காம தண்ணியப் பார்த்துக்கிட்டு வர்ற மாதிரியும் இருந்துச்சு. டீ ஆறிப்போச்சு.

புருசன்னும் பார்க்காம "இனி என்ற வண்டியில ஏறாதீங்க"ன்னு நேத்து சொல்லிட்ட. சரி. நான் பஸ்சுலயே ஸ்ரீரங்கப்பட்டணம் போறேன். கோயில் வாசல்ல நிப்பேன்.

சாவி அரிசி டப்பாவுல. வெளிய வச்சா எவனாச்சும் எடுத்துருவான்.

இன்னொண்ணு. உனக்கு ஓட்டத் தெரியாமத்தான் பேடு தேஞ்சுதுன்னு சொன்னது தப்பு. ஹெப்பாள் ரோட்டுல கம்பெனி பஸ் தூரத்துல வந்தாலே "பிரேக்கு, பிரேக்கு"ன்னு கத்தினது நான்தான்.

திரும்பி வர்றப்ப ஏத்திக்க. பின்சீட்டு போதும்.