மூன்றாவது பொருள்

மார்ச் 4, செவ்வாய்

அகராதி அலுவலகத்தில் ‘வி’ வரிசையைப் பிரித்துக் கொடுத்தார்கள். பக்கத்து மேசைக்காரருக்கு ‘விருந்து’, ‘விழா’. எனக்கு ‘விளக்குமாறு’. “உங்க ராசி அப்படி” என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 5

விளக்குதல் – அழுக்கைப் போக்கிப் பளிச்சென்று ஆக்குதல். மாறு – குச்சிக் கட்டு. பாத்திரம் விளக்குகிறோம், பாடம் விளக்குகிறோம், இருட்டினால் விளக்கு ஏற்றுகிறோம். எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் இது மட்டும் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

மார்ச் 7

பழைய கதைகள், நாடகங்கள், செய்தித்தாள்கள் எல்லாம் புரட்டியாயிற்று. வீடு பெருக்கும்போது அது பெண் கையில் இருக்கிறது. ஆண் கைக்கு வந்தால் ஓங்கத்தான். ஒருத்தனாவது பெருக்கியிருக்க மாட்டானா என்று தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம்.

முதல் பொருள், கருவி. இரண்டாவது, ஒன்றுக்கும் உதவாத ஆளைத் திட்டும் சொல். மூன்றாவது, அவமானப்படுத்தி விரட்ட ஓங்குவது. அதற்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத வேண்டும். கை ஓடவில்லை.

மார்ச் 10

எழுதினேன்: ‘கட்டிக்கொண்டவனோடு வாசலுக்கு வந்த மகள்மீது அப்பா விளக்குமாற்றை ஓங்கினார்.’

அகராதியின் ஆசிரியர் அம்மா படித்துவிட்டு, “யாரும்மா இவங்க?” என்றார்.

“சும்மா... கற்பனைதான்.”

“கற்பனைக்கா கண்ணு கலங்குது?”

எங்கள் வாசல்தான் அது. அக்காவும் அத்தானும் நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அடி விழவில்லை, அதற்குள் அக்கா திரும்பி நடந்துவிட்டாள். அவளைப் பார்க்காமலே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

எனக்கு அக்கா வேணும். தலை பின்னிக்கிட்டே என் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கேப்பாளே, அந்த அக்கா.

மார்ச் 11

அக்காவுக்குப் போன் செய்யலாமா? என்ன சொல்லிப் பேசுவது?

மார்ச் 13

பேசிவிட்டேன். வேலையைச் சாக்கு வைத்துத்தான்.

“அக்கா, விளக்குமாத்துக்கு உங்க ஊர்ல என்ன பேரு?”

போனை வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். சிரித்தாள். “இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்குறதப் பாரு! இங்க துடைப்பம்னு சொல்வாங்க. நானும் அப்படித்தான். மத்த பேரு நம்ம வீட்டோட போச்சு.”

“அக்கா...”

“அழாதடி. சாப்டியா?”

இல்லை என்றேன். சாப்பிட்டிருந்தேன். பழையபடி கொஞ்சம் திட்டட்டும் என்றுதான்.

மார்ச் 14

நான் போனில் பேசியது அப்பா காதில் விழுந்திருக்கிறது. ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். “நேத்து பேசினது அவளா?”

“ஆமாப்பா.”

“நல்லா இருக்காளா?”

“போய்ப் பாத்தாத்தானே தெரியும்!” வாய் முந்திக்கொண்டது. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 17

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிடுகிறார்.

மார்ச் 22, சனி

காலையில் பார்த்தால் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

“என்னையக் கூட்டிட்டுப் போ.”

“எங்கப்பா?”

“தெரியாத மாதிரி கேக்குறா பாரு!”

அக்காவுக்குப் போன் செய்து, வரலாமா என்று கேட்டேன். “வாங்க. வாசலுக்கு வந்தவங்கள விரட்டுற பழக்கம் எங்க வீட்ல இல்ல” என்றாள். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன். வாசல் வரைக்கும் வேகமாக நடந்த அப்பா செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டார். “உள்ள வரலாமா?” அக்காவைக் கேட்கவில்லை. அத்தானைக் கேட்டார். அத்தான் பையை வாங்கிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தார்.

சாப்பிட்டதும் அப்பா உள்ளறையில் படுத்துத் தூங்கிவிட்டார்.

“கோவம் போயிடுச்சுன்னு நினைக்காத. அவர்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசல நான்” என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுப் போய் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: “ரொம்ப இளைச்சிட்டாருல்ல?”