அம்மாவின் ரத்த குரூப்

ஐப்பசி 14, வெள்ளி.

நடவு முடிந்த கையோடு குடவாசல் அத்தை அம்மாவைப் பார்க்க வந்தார். புற்றுநோய் போதாதென்று அம்மாவின் காலில் இப்போது ரத்தக்கட்டி வேறு. ஓ குரூப் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்று டாக்டர் சொன்னதை அப்பா உளறிவிட்டார். அத்தை உடனே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பாப்பாவுக்கு என்ன குரூப்பு? எம் மவனுக்குக் கட்டப்போற பொண்ணு, தெரிஞ்சுக்கணும்ல."

"ஓ குரூப்புதாங்க்கா" என்றார் அப்பா, கூசாமல். எனக்கும் அம்மாவைப் போல ஏ குரூப்தான்.

அத்தை கொண்டுவந்த ஆப்பிளை மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். அவர்கள் இருவரையும்கூட விட்டுவிடலாம். படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கி, அவசரமாகச் சொன்னாளே:

"ஆமாங்க அண்ணி. என் ரத்தம் அவளுக்கு வரல."